கொழும்பு பஸ்ஸில் வந்த எண்டோர்ஃபின் கிட்: வாங்கலாமா?

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கிட்டில் பெரிய குறை இல்லை. வந்த குழப்பத்தில் பாதி வழியில் நடந்தது, மீதி எங்கள் மேசையில் நடந்தது. ஆனாலும் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் கொடுத்து ஒரு சின்னப் பெட்டியை வாங்குகிற ஆள், அதுவும் மட்டக்களப்பில் இருந்துகொண்டு வாங்குகிற ஆள், காசைக் கட்ட முன்னம் தெரிந்துகொள்ள வேண்டிய சில சங்கதிகள் பெட்டியோடு வருகிற கையேட்டில் கிடையாது. எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பொருள் என்னவென்றால், எலியின் பேட்டா எண்டோர்ஃபினை அளக்கும் எலைசா கிட் (பிறபொருளெதிரி என்ற புரதத்தால் பொருளைப் பிடித்து, நிறத்தைப் பார்த்து அளக்கிற முறை), 96 குழிகள் உள்ள ஒரு பிளேட், கூடவே ஏழெட்டுக் குப்பிகள். இரண்டு வாங்கினோம். கம்பனியின் பெயரை எழுதவில்லை, முகவரின் பெயரையும் எழுதவில்லை. அவர்களோடு எங்களுக்கு இன்னும் கொடுக்கல் வாங்கல் இருக்கிறது, அதோடு நான் இங்கே சொல்லப்போகிறவை இந்த வகைக் கிட் எதை வாங்கினாலும் பொருந்தும்.

எண்டோர்ஃபின் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காக ஒரு சின்னச் சுற்று. அபினும் மோர்ஃபினும் மூளையில் போய் ஒட்டிக்கொள்ள அங்கே தனியாக ஏற்பிகள் இருக்கின்றன என்று 1973 இல் மூன்று ஆய்வுகூடங்கள் காட்டின. அப்படியென்றால் அந்தப் பூட்டுக்கு உடம்பே செய்த திறப்பு ஒன்று இருக்க வேண்டுமே என்று தேடியதில், ஸ்கொட்லாந்தின் அபர்டீனில் ஜோன் ஹியூஸும் ஹான்ஸ் கொஸ்டர்லிட்ஸும் 1975 இல் பன்றி மூளையிலிருந்து என்கெஃபலின் என்ற இரண்டு குட்டிப் பெப்டைட்டுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சின்னச் சங்கிலிகளை, பிரித்தெடுத்தார்கள். அடுத்த வருடம் சி. எச். லீ ஒட்டகத்தின் மூளைக்கு அடியில் இருக்கும் கபச்சுரப்பியிலிருந்து பேட்டா எண்டோர்ஃபினை எடுத்தார், 31 அமினோ அமிலம். 1979 இல் அவ்ரம் கோல்ட்ஸ்டீனின் குழு டைனோர்ஃபினைக் கொண்டுவந்தது. ஆக மூன்று குடும்பம், மூன்றுக்கும் தனித்தனித் தாய்ப் புரதம். ஆனால் மூன்று குடும்பத்துப் பிள்ளைகளுக்கும் தலையில் இருக்கும் நாலு அமினோ அமிலம் ஒன்றேதான்: டைரோசின், கிளைசின், கிளைசின், பினைல்அலனின். முகத்தைப் பார்த்து ஆளை அடையாளம் பிடிக்க முடியாது, வாலைப் பிடித்தால்தான் யாருடைய பிள்ளை என்று தெரியும். கிட் வாங்கும்போது இதுதான் முதல் கேள்வி, பின்னால் வருகிறேன்.

சரி, பெட்டி வந்த கதை.

கட்டுநாயக்காவில் இறங்கி, சுங்கத்தில் கிடந்து, முகவரின் ஃப்ரிட்ஜில் ஒரு நாள் நின்று, பிறகு இரவு பஸ்ஸில் மட்டக்களப்புக்கு ஏற்றப்பட்டது. 300 கிலோமீட்டருக்கு மேல். விடிய முன்னம் பஸ் நிலையத்தில் போய் நின்றேன். கண்டக்டர் அடித்தட்டைத் திறந்து, எஞ்சினுக்குப் பக்கத்தில் சூடு ஏறிக்கிடந்த ரெஜிபோம் பெட்டியைத் தூக்கிக் கையில் தந்து, "மீனா தம்பி?" என்று கேட்டார். கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்கு மீன் கொண்டுவருகிற பைத்தியக்காரன் நான்தான் என்று நினைத்திருப்பார். பெட்டியைக் குலுக்கினால் உள்ளே சளக் சளக் என்று சத்தம் வந்தது, ஜெல் பைகள் முழுக்க இளகித் தண்ணீராகியிருந்தன. மூடியைச் சுற்றி ஒரே ஒரு சுற்று டேப். உள்ளே பெட்டியில் பாதிக்கு மேல் வெறும் காற்று.

கிட் 2 இலிருந்து 8 பாகை செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. நான் போட்ட வெப்பமானி 24 காட்டியது.

இதில் ஒரு நியாயமும் சொல்ல வேண்டும். கிட்டுக்குள் இருக்கிற எல்லாமும் சூட்டுக்கு ஒரே மாதிரிப் பயந்தவை இல்லை. ஸ்டாண்டர்ட் என்கிற அளவு தெரிந்த எண்டோர்ஃபின் உலர்ந்த தூளாக வருகிறது, அது ஓரிரவு தாங்கும். பிறபொருளெதிரி பூசிய பிளேட்டும் உறை பிரிக்காத வரை பரவாயில்லை. செல்லம் கொடுக்க வேண்டியது நொதியம் ஒட்டிய திரவக் குப்பிக்கு. நிறத்தைத் தருவது அதுதான். எங்கள் முதல் பிளேட்டில், எண்டோர்ஃபின் எதுவுமே போடாத குழி, அதாவது மிக அதிகமாக நிறம் வர வேண்டிய குழி (ஏனென்று பின்னால் சொல்கிறேன்), நிறத்தை அளக்கும் ரீடரில் 1.1 தான் காட்டியது. எவ்வளவு எண்டோர்ஃபினுக்கு எவ்வளவு நிறம் என்று ஸ்டாண்டர்டுகளை வைத்து ஒரு வளைவு கீறுவோம், கையேட்டில் உதாரணத்துக்குப் போட்டிருந்த வளைவில் அது 2 ஐத் தாண்டியிருந்தது. எங்களுக்கும் வளைவு வந்தது, ஆனால் தட்டையாக, மேட்டுக்கும் பள்ளத்துக்கும் இடையில் ஓட இடமில்லாமல் வந்தது. குறைந்த அளவுகளைப் பிரித்துச் சொல்ல வேண்டிய இடத்தில் கிட் தடுமாறியது.

முகவருக்குப் போன் அடித்துச் சொன்னேன். "பஸ்ஸுக்கு நாங்க பொறுப்பில்ல சேர்" என்றார்கள். சரி, யார் பொறுப்பு என்று கேட்டதற்கு டெக்னிக்கல் ஆட்களுக்கு அனுப்பியிருப்பதாகச் சொன்னார்கள், அந்த ஆட்கள் இன்றுவரை யாரென்று தெரியாது. ஆனால் கிட் செய்கிற கம்பனிக்கே நேரடியாக எழுதினபோது இரண்டாம் நாளே பதில் வந்தது, பிளேட்டில் எந்தக் குழியில் என்ன போட்டீர்கள், ரீடர் காட்டிய இலக்கங்கள் என்ன, கழுவியது கையாலா இயந்திரத்தாலா என்று உருப்படியான கேள்விகள் கேட்டு, புது நொதியக் குப்பி ஒன்றும் அனுப்பினார்கள். அதற்கு ஒரு நட்சத்திரம் தாராளமாகக் கொடுக்கலாம்.

அந்தப் புதுக் குப்பியை இந்த முறை நாங்களே கொழும்புக்குப் போய் எடுத்துவந்தோம். போக முன்னம் கல்லடிப் பக்கம் மீன் வாடி வைத்திருக்கிற எனக்குத் தெரிந்த அண்ணனிடம் கேட்டேன், உங்களுடைய இறால் கொழும்புக்குப் போய்ச் சேரும்போது ஐஸ் கரையாமல் இருக்கிறதே, எப்படி? அவர் பெட்டியைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "தம்பி, உள்ளுக்க காத்து இருந்தா ஐஸ் நிக்காது." வெறும் இடத்தை எல்லாம் கசக்கின பேப்பரால் அடைக்க வேண்டும், ஐஸை அடியிலும் மேலேயும் பக்கத்திலும் வைக்க வேண்டும், மூடியின் விளிம்பை டேப்பால் இரண்டு மூன்று சுற்று இறுக்க வேண்டும், அப்புறம் முழுப் பெட்டியையும் நனைத்த சாக்கில் சுற்ற வேண்டும். கிட்டை உறையவிடக் கூடாது என்பதால் ஐஸுக்கும் குப்பிக்கும் நடுவில் பேப்பர் மட்டும் தடிப்பாக வைத்தோம். மட்டக்களப்பில் வந்து திறந்தபோது 6 பாகை. முகவரின் டெக்னிக்கல் ஆட்களுக்கு இந்த அண்ணனை அறிமுகப்படுத்தி வைக்க ஆசைதான்.

ஏன் இவ்வளவு பாடு, பழைய கதிரியக்க முறையிலேயே செய்திருக்கலாமே என்று ஒருவர் கேட்டார். ரொசலின் யாலோவுக்கு 1977 இல் நோபல் பரிசு வாங்கிக்கொடுத்த முறை அது, அருமையானது, மிகக் குறைந்த அளவையும் பிடிக்கும், மூளைப் பெப்டைட்டுகளைப் பற்றி ஆரம்ப காலத்தில் தெரியவந்ததில் பெரும்பகுதி அதால்தான். ஆனால் அதற்கு வேண்டிய அயடீன் 125 இரண்டு மாதத்துக்கொருமுறை பாதியாகத் தேய்ந்துகொண்டே போகும். அனுமதி எடுத்து, கப்பலோ விமானமோ ஏறி, சுங்கத்தில் தூங்கி எழும்பி எங்கள் கைக்கு வரும்போது எவ்வளவு மிஞ்சும் என்று கணக்குப் போட்டுப் பார்த்து விட்டுவிட்டோம். எங்கள் ஊருக்கு எலைசாதான் சரி.

இப்போது குழிக் கணக்கு. இதை யாரும் வாங்க முன்னம் போடுவதில்லை, நாங்களும் போடவில்லை. 96 குழி என்றவுடன் 96 மாதிரி என்று மனசு நினைத்துக்கொள்கிறது. ஸ்டாண்டர்டுகளுக்கும் வெறுங்குழிக்கும் 16 போய்விடும். மிச்சம் 80. ஒவ்வொரு மாதிரியையும் இரண்டு குழியில் போட்டாக வேண்டும் என்பதால் ஒரு கிட்டுக்கு 40 மாதிரி. எலி மூளையைப் பகுதி பகுதியாகப் பிரிக்கிற வழமையான முறை கிளோவின்ஸ்கியும் ஐவர்சனும் 1966 இல் எழுதியது, ஏழு துண்டு வரும்: மூளி (சிறுமூளை), நீள்வளைய மையவிழையம் (முகுளம்), ஹைபோதலமஸ், ஸ்ட்ரையேட்டம், நடுமூளை, ஹிப்போகாம்பஸ், மேற்பட்டை (மூளையின் வெளி அடுக்கு). ஒரு குழுவுக்கு ஆறு எலியென்று இரண்டு குழு, 12 எலி, ஏழால் பெருக்கினால் 84. இரண்டு கிட்டில் 80 தான் போகும். நாலு மாதிரிக்காக மூன்றாவது கிட் வாங்குகிறதா? எங்களுக்குப் பொறுப்பான மிஸ் ஒரு பேப்பரில் இந்தக் கணக்கை எழுதி என் முன்னால் தள்ளிவிட்டு ஒன்றும் பேசாமல் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தார். கடைசியில் மூளியைக் கைவிட்டோம், அதில் பேட்டா எண்டோர்ஃபின் பெரிதாக இருக்கப்போவதில்லை. 72 மாதிரி, மிச்சம் எட்டு இடம். அந்த எட்டு இடம்தான் பிறகு எங்கள் மானத்தைக் காப்பாற்றியது.

மேசையில் நடந்ததுக்கு வருகிறேன். இந்தக் கிட் எதை அளக்கிறது என்று கேட்டால் எண்டோர்ஃபின் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. உண்மையில் அது அளப்பது, மூளையை வெளியே எடுத்ததிலிருந்து நொதியங்களை நிறுத்தும் வரை எவ்வளவு மிஞ்சியது என்பதை. பெப்டைட்டைத் தின்கிற நொதியங்கள் மூளைக்குள்ளேயே இருக்கின்றன, உயிர் போனதும் அவை வேலையை நிறுத்துவதில்லை. அதிலும் ஐந்தே அமினோ அமிலமுள்ள என்கெஃபலினுக்கு நிமிடக்கணக்கில் வாழ்வு. வெளிநாட்டு ஆய்வுகூடங்கள் சிலவற்றில் இதற்கென்றே செய்த மைக்ரோவேவ் கருவி இருக்கிறது, எலியின் தலைக்குள் மட்டும் பல கிலோவாட் சக்தியைச் செலுத்தி ஓரிரண்டு செக்கனுக்குள் மூளை நொதியங்களை அவித்துவிடும். எங்களோடு வேலை செய்கிற தம்பி ஒருவன் இதை வாசித்துவிட்டு வீட்டு மைக்ரோவேவைக் கொண்டுவரவா என்று கேட்டான். அது சோறு சூடாக்கிற பெட்டி, விலங்கு ஒழுக்கக் குழுவின் கடிதம் வந்து சேர முன்னம் மிஸ்ஸே உன்னை அவித்துவிடுவார் என்று சொல்லி அனுப்பினேன்.

எங்கள் வழி எளிய வழி: விரைவாக எடுத்து, ஐஸ் மேல் வைத்த கண்ணாடியில் பிரித்து, உடனே உறைய வைத்து, உறைந்த நிலையிலேயே நிறுத்து, அப்படியே 95 பாகையில் கொதிப்புக்குக் கிட்ட இருக்கும் அசற்றிக்கமிலத்துக்குள் போட்டுப் பத்து நிமிடம். சூடும் அமிலமும் சேர்ந்து நொதியத்தை முடித்துவிடும், எண்டோர்ஃபின் தாங்கும். இதில் தவறு நடக்கிற இடம் ஒன்றே ஒன்று, உறைந்த துண்டை இளகவிடுவது. குளிர் நாட்டில் எழுதிய செய்முறையில் "அறை வெப்பநிலை" என்று வரும், அவர்களுக்கு அது 20 பாகை. சித்திரை மாதத்தில் ஏசி வேலை செய்யாத எங்கள் அறை 33. ஒரு ஹைபோதலமஸ் துண்டு பச்சைப்பயறை விடக் கொஞ்சம் பெரிசு, அவ்வளவுதான். தராசில் வைத்து இலக்கம் நிலைக்கும் வரை பார்த்துக்கொண்டு நின்றால் அதற்குள் ஓரம் பளபளக்கத் தொடங்கிவிடும். தராசின் தட்டில் ஐஸ் மேல் வைத்துக் குளிர்ந்த குழாயோடு சேர்த்து நிறுக்கப் பழகிக்கொண்டோம்.

எலியில் கைவைக்க முன்னம் ஆட்டு மூளையில் பழகினோம், அதைப் புதிதாகத் தொடங்குகிற எல்லோருக்கும் சொல்வேன். காத்தான்குடியில் ஒரு இறைச்சிக் கடை, காக்காவிடம் மூளை மட்டும் வேணும் என்றேன், தலையோடுதான் தருவேன் என்றார், சரி தலையோடு தாருங்கள் என்று வாங்கிவந்தோம். கடையில் எத்தனை மணிக்கு அறுத்தார்கள் என்று கேட்டுக் குறித்துவைத்து, மேற்பட்டையையும் ஸ்ட்ரையேட்டத்தையும் பிரித்து, கொதியமிலம், மையநீக்கம், உலர்த்தல் என்று எல்லாப் படியையும் ஒருதரம் ஓட்டிப் பார்த்தோம். கிட் எலிக்கானது என்பதால் அளக்கவில்லை, கை பழக மட்டும். அன்றைக்கு வீணாகாமல் போனது தலையின் மிச்சம் மட்டும்தான், அது யார் வீட்டுச் சட்டிக்குப் போனது என்று இங்கே எழுத மாட்டேன்.

எலிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவையும் கிட் வந்த அதே ரோட்டால் வந்தவை. எட்டு மணி நேரம் வான் வண்டியில் குலுங்கி வந்த எலிக்கு எண்டோர்ஃபின் எப்படி இருக்கும்? அழுத்தம் வந்தால் கபச்சுரப்பி ஏசிடிஎச் ஹோர்மோனை விடுகிறது, அதே தாய்ப் புரதத்திலிருந்து வெட்டுப்படும் பேட்டா எண்டோர்ஃபினும் அதோடு சேர்ந்து வெளியே வருகிறது. வந்த அன்றே அளந்தால் நீங்கள் அளப்பது மன்னம்பிட்டி ரோட்டை. இரண்டு வாரம் அமைதியாக விட்டு, தினமும் ஒரே ஆள் கையில் தூக்கிப் பழக்கின பிறகுதான் தொட்டோம்.

இனி வெட்கத்தை விட்டுச் சொல்ல வேண்டிய பகுதி. முதல் பிளேட்டின் முடிவில் மேற்பட்டை எல்லோரையும் விட உயரத்தில் நின்றது. ஹைபோதலமஸை விட உயரம்! பேட்டா எண்டோர்ஃபின் செய்கிற நரம்புக் கலங்கள் மூளையில் இரண்டே இடத்தில்தான் கூட்டமாக இருக்கின்றன, ஹைபோதலமஸின் அடியில் ஒரு கரு, நீள்வளைய மையவிழையத்தில் ஒரு கரு. மற்ற இடங்களுக்கு அவற்றின் நார்கள் மட்டும் போய்ச் சேரும், நடுமூளையில் வலியை அடக்குகிற பகுதிக்கு நன்றாகவே போகும், மேற்பட்டைக்குப் பெரிதாகப் போகாது. அப்படியிருக்க இது என்ன புதுமை? தம்பி கண்டுபிடிப்பு என்று நினைத்து முகம் மலர்ந்து நின்றான். எனக்கும் உள்ளுக்குள் கொஞ்சம் ஆசைதான், மறைக்கவில்லை.

மிஸ் வந்து மிச்சமிருந்த மேற்பட்டைக் குழாய் ஒன்றின் மூடியைத் திறந்து மூக்குக்குக் கிட்டப் பிடித்தார். என்னிடம் நீட்டினார். அச்சாறு வாசம்.

உலர்த்தும்போது அசற்றிக்கமிலம் முழுக்கப் போகவில்லை. உலர்த்தும் இயந்திரத்துக்கு வரிசையில் நின்று கிடைத்த நேரம் குறைவு, மேற்பட்டைத் துண்டுதான் எல்லாவற்றிலும் பெரிசு, பெரிய துண்டுக்கு அமிலம் அதிகம் ஊற்றியிருந்தோம், அதனால் அதுதான் கடைசியாகக் காயும். அவசரத்தில் ஈரத்தோடு எடுத்துவிட்டோம். இந்த வகை எலைசாவில் நிறம் தலைகீழாக வேலை செய்யும்: மாதிரியில் எண்டோர்ஃபின் கூடினால் நிறம் குறையும், ஏனென்றால் மாதிரியின் எண்டோர்ஃபினும் கிட் போடுகிற அடையாளமிட்ட எண்டோர்ஃபினும் அதே பிறபொருளெதிரிக்காகச் சண்டை பிடிக்கின்றன. அமிலம் பட்டால் பிறபொருளெதிரி பிடிக்க மறுக்கும், நிறம் குறையும். கிட் அதை "ஓ, இங்கே எண்டோர்ஃபின் நிறைய இருக்கிறது" என்று வாசிக்கும். அதாவது மாதிரி கெட்டுப்போனாலும் கிட் அதற்குப் பெரிய இலக்கம்தான் கொடுக்கும். இந்த ஒரு விஷயம் கையேட்டின் முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் இருந்திருக்க வேண்டும், அவர்கள் போட்டிருப்பதோ பதினோராம் பக்கத்தில், "மாதிரியின் காரஅமிலத்தன்மை நடுநிலையில் இருப்பது விரும்பத்தக்கது" என்ற அர்த்தத்தில் ஒரு வரி. விரும்பத்தக்கதாம்!

மூளியைக் கைவிட்டதால் கிடைத்த எட்டு இடத்தை இதற்குத்தான் செலவழித்தோம். ஒரு மேற்பட்டை மாதிரியைப் பாதியாகவும் காலாகவும் ஐதாக்கிப் போட்டோம், உண்மையான எண்டோர்ஃபினாக இருந்தால் இலக்கமும் பாதி, கால் என்று ஒழுங்காக இறங்க வேண்டும், எங்களுடையது திடீரென்று கிணற்றுக்குள் விழுந்தது. திரும்பக் காயவைத்து, நிறத்தாளால் அமிலம் பார்த்து, தெரிந்த அளவு எண்டோர்ஃபினைக் கலந்து அது முழுசாகத் திரும்ப வருகிறதா என்றும் பார்த்த பிறகு, மேற்பட்டை கிட்டின் கீழ் எல்லைக்குக் கீழே போய் அடங்கிக்கொண்டது.

புதுக் குப்பியும் உலர்ந்த மாதிரியும் சேர்ந்தபோதுதான் கிட்டின் உண்மையான குணம் தெரிந்தது, அது நல்ல குணம். ஹைபோதலமஸ் எல்லா எலியிலும் தெளிவாக, இரட்டைக் குழிகள் ஒன்றோடொன்று ஒத்துப்போய் வந்தது. நடுமூளை அதற்குக் கீழே, ஆனால் நம்பக்கூடியதாக. நீள்வளைய மையவிழையம் குறைவு, என்றாலும் வளைவுக்குள்ளே. ஸ்ட்ரையேட்டமும் ஹிப்போகாம்பஸும் எல்லையில் தொங்கின, அவற்றுக்கு நான் சத்தியம் பண்ண மாட்டேன். கபச்சுரப்பியைச் சும்மா ஒரு சோதனைக்காகப் போட்டோம், ஆயிரம் மடங்குக்கு மேல் ஐதாக்கியும் வளைவின் உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது. அதில் இன்னொரு பயமும் பிடித்தது: மூளையைத் தூக்கும்போது கபச்சுரப்பி மண்டையோட்டின் அடியிலேயே நின்றுவிடும், காம்பு அறுந்துவிடும், அதைத் தொட்ட இடுக்கியால் பிறகு ஹைபோதலமஸைத் தொட்டால் போச்சு. கருவாடு வெட்டின கத்தியால் மாம்பழம் வெட்டின மாதிரி. இரண்டுக்கும் தனித்தனி இடுக்கி வைத்து, கைப்பிடியில் நூல் கட்டி வேறுபடுத்தினோம்.

அப்புறம் அந்த வால் விவகாரம். கையேட்டின் கடைசியில் ஒரு அட்டவணை வரும், பிறபொருளெதிரி வேறு எதையெல்லாம் பிடிக்கும் என்று. வாங்க முன்னம் அதை அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், வெட்கப்படாமல் கேளுங்கள். இந்தக் கிட் என்கெஃபலினையும் டைனோர்ஃபினையும் பிடிப்பதில்லை, அது பெரிய ஆறுதல். ஆனால் பேட்டா லிப்போட்ரோபின் என்ற நீளமான புரதத்தையும் ஓரளவு பிடிக்கிறது, ஏனென்றால் பேட்டா எண்டோர்ஃபின் அதன் வால் பகுதியேதான், வெட்டுப்பட முன்னம் இருந்த நிலை. தலையில் அசற்றைல் தொகுதி ஒட்டிய எண்டோர்ஃபினையும் பிடிக்கிறது. எலியின் கபச்சுரப்பியில் அந்த வகை நிறைய உண்டு, அது ஏற்பியில் வேலை செய்யாது, வலியைப் போக்காது, ஆனால் கிட்டுக்கு அதுவும் எண்டோர்ஃபின்தான். மனிதனுக்கென்று செய்த கிட்டை எலிக்குப் போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதே பதில், இரண்டுக்கும் வால் பக்கத்தில் சில அமினோ அமிலங்கள் வேறு, பிறபொருளெதிரி எந்த இடத்தைப் பிடிக்கிறதென்று தெரியாமல் போடாதீர்கள்.

ஹியூஸும் கொஸ்டர்லிட்ஸும் இப்படி அளக்கவில்லை என்பதை இந்த இடத்தில் நினைத்துப் பார்ப்பேன். அவர்கள் சுண்டெலியின் விந்துக் குழாயையும் கினிப்பன்றியின் குடல் துண்டையும் தொட்டியில் தொங்கவிட்டு, மின்சாரம் கொடுத்துத் துடிக்கவைத்து, மூளைச் சாற்றை ஊற்றினால் துடிப்பு அடங்குகிறதா, மோர்ஃபினை மறிக்கிற நலோக்சோன் மருந்தைப் போட்டால் திரும்ப வருகிறதா என்று பார்த்தார்கள். அந்தத் தொட்டி பொருள் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்த்தது. எங்கள் பிளேட் பொருளின் உருவத்தைப் பார்க்கிறது. இரண்டும் எப்போதும் ஒத்துப்போக வேண்டும் என்று இல்லை.

இதே கம்பனியின் மெத்-என்கெஃபலின் கிட்டை வாங்கலாமா என்று கல்முனையிலிருந்து ஒரு நண்பர் கேட்டிருந்தார். மைக்ரோவேவ் கருவி இல்லாத இடத்தில் நான் அவசரப்பட மாட்டேன். ஸ்ட்ரையேட்டமும் அதன் பக்கத்துக் குளோபஸ் பலிடஸும் என்கெஃபலின் நிரம்பி வழிகிற இடங்கள், அங்கே ஓரளவு தேறலாம். மற்ற இடங்களில் நொதியம் தின்று மிஞ்சிய பருக்கைகளைத்தான் எண்ணுவீர்கள். அதோடு மெத் என்பது மெதியோனின், அது காற்றோடு சேர்ந்து ஒட்சியேறினால் பல பிறபொருளெதிரிகளுக்கு ஆளே தெரியாமல் போய்விடும். டைனோர்ஃபின் கிட்டை நான் தொட்டதில்லை.

கல்லடிக் கடற்கரையில் காலையில் நடக்கிற ஆட்களில் ஒருவர் நான் இந்த வேலை செய்கிறேன் என்று கேள்விப்பட்டு, நடந்து முடித்ததும் ஒரு சொட்டு ரத்தம் தருகிறேன், என் மூளையில் எவ்வளவு எண்டோர்ஃபின் ஊறுகிறதென்று இந்தக் கிட்டில் பார்த்துச் சொல்லு மகன் என்றார். ரத்தத்தில் இருப்பது கபச்சுரப்பி விட்டது ஐயா, அது மூளைக்குள் லேசில் நுழையாது, மூளைக்குள் இருப்பது வேறு கணக்கு. உயிரோடு இருக்கிற மனிதனில் அதைப் பார்க்க ஜெர்மனியில் 2008 இல் 10 ஓட்டக்காரர்களை இரண்டு மணி நேரம் ஓடவிட்டு, கதிரியக்க அடையாளம் ஒட்டிய மருந்தைச் செலுத்தி, ஏற்பிகளில் அந்த மருந்துக்கு இடம் குறைந்திருக்கிறதா என்று பெட் ஸ்கேனில் பார்த்தார்கள், குறைந்திருந்தது. அதுவும் நேரடி அளவு இல்லை, கதிரையில் ஆள் உட்கார்ந்திருப்பதை வைத்து ஆள் வந்திருக்கிறான் என்று சொல்வதுதான். ஐயாவுக்கு இவ்வளவும் சொல்லி முடிக்கும்போது அவர் தேத்தண்ணிக் கடைக்குள் போய்விட்டார்.

புள்ளி போடச் சொன்னால் கிட்டுக்கு ஐந்தில் நாலு, கையேட்டுக்கு இரண்டு, முகவருக்கு அரை, அந்த அரையும் விலைப்பட்டியலை ஒழுங்காக எழுதியதற்கு. ஹைபோதலமஸும் நடுமூளையும்தான் உங்கள் கேள்வி என்றால் வாங்குங்கள். மேற்பட்டையிலோ ஹிப்போகாம்பஸிலோ பேட்டா எண்டோர்ஃபின் தேடுகிறீர்கள் என்றால் பல எலிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கி, பெப்டைட்டைப் பிடித்துவைக்கிற சி18 பத்தியில் ஏற்றிச் செறிவாக்கிப் பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் காசை மிச்சம் பிடியுங்கள். எண்டோர்ஃபின் கண்ணாடியிலும் சாதாரணப் பிளாஸ்டிக்கிலும் ஒட்டிக்கொள்ளும், பொலிப்புரொப்பிலீன் குழாய் மட்டும் பாவியுங்கள், கிட்டோடு அது வராது. மைனஸ் 80 ஃப்ரீசருக்கு ஜெனரேட்டர் இணைப்பு இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். 2022 இல் நாளுக்குப் பத்துப் பதின்மூன்று மணி நேரம் கரண்ட் போன நாட்களில் எங்கள் பழைய மாதிரிகள் எல்லாம் இளகிப்போய், ஒரு வருட வேலையை மஞ்சள் கழிவுப் பைக்குள் கட்டிக் கொடுத்தோம்.

அடுத்த கிட்டை மாசி மாதத்துக்குச் சொல்லியிருக்கிறோம். மார்கழியில் குளிர் என்றாலும் மழைக்கு ரோட்டில் தண்ணீர் ஏறினால் பஸ் எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாது. முகவரிடம் பெட்டியைக் கட்ட வேண்டாம், சும்மா ஃப்ரிட்ஜில் வைத்திருங்கள், நாங்கள் வந்து கட்டிக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. வாடி அண்ணனின் பெட்டி ஒன்றும் எனக்கென்று ஒதுக்கியிருக்கிறது, இறால் வாசம் மட்டும் போகவே இல்லை, மூன்று தரம் கழுவிப் பார்த்துவிட்டேன்.